உளுந்தின் மேல் ரிவர்ஸ்

ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமலே நான்கு மாதம் கார் ஓட்டியவன் நான். வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால் மகாமகக் குளத்தையே ஒரு சுற்று சுற்றி வருவேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

கார், ஆளுங்கட்சியில் இருந்த ஒருவருடையது. ஆட்சி மாறியதும் அவருக்கு அது பாரமாகிவிட்டது. முன்னால் கொடி கட்டும் கம்பி அப்படியே இருந்தது. நான் வெறும் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஆனாலும் அந்தக் கம்பியைப் பார்த்து இரண்டு போலீஸ்காரர்கள் எனக்கு சல்யூட் அடித்தார்கள். கம்பிக்காகத்தான் வாங்கினேன் என்றாலும் பொய்யில்லை.

ஃபைனான்ஸ்காரர் முக்கால் பங்கு தருவதாகச் சொன்னார். மீதிக்கு நான் போய் நின்ற இடத்தைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. வலங்கைமான் பக்கத்தில் பண்ணை நிலம் ஒரு ஏக்கரை அப்பா குத்தகைக்கு உழுதுவந்தார். சர்க்கார் குத்தகைப் பதிவேட்டில் தன் பெயரை ஏற்றியதற்காகப் பண்ணை ஆட்கள் அவரைக் களத்துமேட்டில் வைத்து அடித்தார்கள். இடது மணிக்கட்டு உடைந்து கோணலாகக் கூடியது. பெயரை மட்டும் அவர் எடுக்கவில்லை. அது இருக்கும்வரை யாரும் அவரை வெளியேற்ற முடியாது. அடித்து வாங்க முடியாத அந்த உரிமையை, பண்ணைக் காரியக்காரர் எனக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து, காரின் மீதிப் பணத்துக்குப் பேசி முடித்தார்.

இடுப்பு விழுந்துபோய் அப்பா அப்போது கும்பகோணத்தில் என் வீட்டில் கட்டிலோடு கிடந்தார். கைநாட்டுதான். கார் லோனுக்கு ஜாமீன் பத்திரம் என்று சொன்னேன். உண்மையில் அது உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம். ஆபீஸ் பழக்கத்தில் ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தேன். அந்தக் கோணல் மணிக்கட்டைத் திருப்பி, கட்டைவிரலில் மை தடவி அழுத்தியதும் நான்தான்.

"நல்லா பதிஞ்சிருக்கா பாரு" என்றார்.

பங்குனியில், கார்தான் இருக்கிறதே, வயலைக் காட்டு என்று பிடிவாதம் பிடித்தார். ஆள் விட்டுப் பயிர் வைத்திருப்பதாக அதுவரை அளந்துகொண்டிருந்தேன். வண்டி பாதியில் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் கிளம்பினேன். தினமும் நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும் வண்டி அன்று பார்த்து பூப்போல ஓடியது.

ஊருக்குக் கொஞ்சம் முன்னால் தார் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறினால் காய் உடைந்து உளுந்து உதிரும், அடிக்கிற கூலி மிச்சம். முறத்தோடு நின்ற பெண் ஊரில் எங்கள் தெருக்காரி. அப்பாவைப் பார்த்து, "கார்லயா வர்றீங்க மாமா? அப்படியே நாலு தடவ ஏத்திட்டுப் போகச் சொல்லுங்க" என்று சிரித்தாள்.

ரிவர்ஸ் பழகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வயலுக்குப் போவதும் கொஞ்சம் தள்ளிப்போகும். முன்னும் பின்னுமாக ஓட்டினேன். அப்பா பின்சீட்டில் மந்திரி மாதிரி கையசைத்தார்.

பஸ்ஸுக்கு உயரம் உண்டு, என் வண்டிக்கு வயிறு தரையில். காய்ந்த செடி அடியில் சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சரில் பற்றியது. அப்பாவை இழுத்து வெளியே போட்டேன். காரும் எரிந்தது, ரோட்டிலிருந்த உளுந்தும் எரிந்தது.

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ரோட்டோரம் கிடந்தபடியே அப்பா அவளைத் தேற்றினார். "அழாதம்மா. நம்ம வயல் உளுந்துலேருந்து அள்ளித் தர்றேன்."

அவள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எது மாமா உங்க வயலு? எரியுதே, இதான் அந்த உளுந்து. நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கன்னு பண்ணையில எங்களுக்கு வாரத்துக்கு விட்டாங்க, வெளயறதுல பாதிக்குப் பாதி."

அப்பா தன் கட்டைவிரலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

எரிந்த கார் என்பதற்காக ஃபைனான்ஸ்காரர் ஒரு தவணையையும் விடவில்லை. கொடிக்கம்பி மட்டும் உருப்படியாக மிஞ்சியது. ஒரு நாள் காலை அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு நாளாகப் பேசாதவர் கட்டிலிலிருந்து பேசினார்.

"பண்ணை ஆளுங்க என்னை அடிச்சப்பகூட, எதுக்கு அடிக்கிறோம்னு சொல்லிட்டுத்தாண்டா அடிச்சானுங்க."