வாசலில் இருந்த செருப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் பிள்ளைகள் உள்ளே போகவேண்டும். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் முப்பத்தொரு பிள்ளைகளுக்கு அங்கே ஒரே டீச்சர். பிள்ளைகளை உட்காரவைத்து எண்ண முடியாத நேரங்களில் அவர் வாசலுக்கு வந்து செருப்புகளைப் பார்ப்பார். எல்லாச் சோடியும் இருந்தால் எல்லாப் பிள்ளையும் உள்ளே.

போன மாதம் என் நான்கு வயது மகள் வெறுங்காலோடு வெளியே போனாள்.

நான் ஹட்டன் டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். காலையில் அவளை விட்டுவிட்டு ரோட்டு வளைவில் பஸ் ஏறுவேன். அந்த வளைவுக்கே என்னைத் தேடி வந்திருக்கிறாள். பனிமூட்டத்தில் நின்றவளைக் கொழுந்து லொறிக்காரர் கடைசி நேரத்தில் கண்டு பிரேக் போட்டு, பிள்ளைக் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"டீச்சர், இது உங்க புள்ளையா பாருங்க."

"ஐயோ, செருப்பு இங்கதானே இருக்கு!" என்றாராம் டீச்சர்.

நாற்பது வயதுக்குப் பிறகு எனக்குப் பிறந்த ஒரே பிள்ளை. இப்போதும் கடைக்கு முன்னால் லொறிச் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் மருந்தைக் கீழே வைத்துவிடுகிறேன்.

அந்த வாரமே டவுனில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவள் மகளுக்கும் நான்கு வயதுதான். அவளைக் கூட்டிவர இருவருமாக நர்சரிக்குப் போனோம். பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு டீச்சர். அதில் ஒருவர் குந்தி உட்கார்ந்து பிள்ளையின் சுவெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டபடி சொன்னார்: "இன்னைக்குச் சாப்பாட்டுல கரட்ட ஒதுக்கி வச்சிட்டா. காலையிலேர்ந்து பேச்சும் கொறச்சல். ராத்திரி சரியாத் தூங்கலையா?"

நாத்தனார் சலித்துக்கொண்டாள். "இதே வேலதான் அண்ணி. ஒரு தும்மல் போட்டாக்கூட போன் பண்ணிருவாங்க."

எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பிள்ளையின் காலில் இருந்த புதுச் சப்பாத்தையும் அறை நிறைய இருந்த பொம்மைகளையும் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடிந்திருந்தது. தும்மலைக் கேட்டபின் முடியவில்லை. என் மகள் ரோட்டில் நின்றது ஒருவருக்கும் தெரியவில்லை. இவள் கரட்டை ஒதுக்கியது தெரிந்திருக்கிறது. "அத்தை!" என்று அவள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டபோது, தூக்குவதற்கு என் கை எழவில்லை.

உள்ளே போய்ப் பெரிய டீச்சரிடம் சிரித்துக்கொண்டே கேட்டேன். "என் மகளையும் சேத்துக்குங்க மிஸ். எவ்வளவுன்னாலும் கட்டுறோம்."

"காசு பிரச்சினை இல்லீங்க. ஒரு டீச்சருக்கு ஆறு பேருக்கு மேல எடுக்க மாட்டோம். எடுத்தா ஒழுங்காப் பார்க்க முடியாது."

"ஒண்ணுதானே மிஸ்" என்றாள் நாத்தனார். பிறகு தன் மகளைப் பார்த்தாள். இரண்டாம் முறை கேட்கவில்லை. அவள் இடத்தில் நானும் கேட்டிருக்க மாட்டேன். அது தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

மறுநாள் காலையில் மகளை உள்ளே அனுப்பிவிட்டு, அவள் செருப்பை என் பையில் வைத்தேன்.

"அக்கா, செருப்ப எங்க கொண்டு போறீங்க?"

"இங்க இருந்தா நீங்க அதத்தான் பார்ப்பீங்க டீச்சர். இல்லாட்டி புள்ளையத் தேடுவீங்க."

டீச்சரின் முகம் வாடிவிட்டது. ஒருத்தியின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, ஜன்னலில் ஏறிய ஒருவனை மறு கையால் இறக்கினார். "தோட்ட ஆபீஸ்ல இன்னொரு ஆள் தாங்கன்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாயே வலிச்சிருச்சுக்கா."

"தெரியும் டீச்சர்" என்றேன். தெரிந்தும் செருப்பைத் திருப்பி வைக்கவில்லை.

அன்று பத்து மணிபோலக் கடைக்குப் போன் வந்தது. "இருக்காக்கா. மூலையில உக்காந்து படம் வரையிறா." பின்னால் ஏதோ ஒரு பிள்ளை வீறிட்டு அழ, பேச்சு நின்றுபோனது. அன்றிலிருந்து தினமும் போன் செய்கிறார்.

நேற்று எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, தன் மகனைத் தூக்கிக்கொண்டு என்னோடு நடந்து வந்தாள். "ஒங்களுக்கு மட்டும் டீச்சர் போன் பண்றாங்களாமே அக்கா. எங்க புள்ளைங்கல்லாம் கணக்குல இல்லையா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நர்சரியில் நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

இனிப் போன் வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்ல நினைத்தேன். இன்று காலை மகளை விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.