அம்பிகா சிஸ்டரின் மறதி

ஒரு வாரம் சாப்பாட்டு டப்பா. மறு வாரம் தண்ணீர் பாட்டில். அதற்கு அடுத்த வாரம் மழைக்கோட்டு, அதுவும் அடைமழை கொட்டிக்கொண்டிருந்த நாளில். அம்பிகா வேலைக்குப் போன இடத்தில் எதையாவது விட்டுவிட்டு வருவாள். எங்கே என்று கேட்டால், "போன எடத்துல கெடக்குதுக்கா. எங்க போயிரும்? அடுத்த வாரம் எடுத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து பொட்டுக்கடலையை அள்ளி வாயில் போடுவாள். "தலை கழுத்தோட ஒட்டியிருக்கறதால தப்பிச்சுது. இல்லேன்னா அதையும் யார் வூட்டுலயாவது வச்சுட்டு வந்துருப்ப" என்று நான் திட்டுவேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு தெருமுனை டீக்கடை வரை கேட்கும்.

பெரம்பலூர் துறைமங்கலத்தில் அவளுக்கு என் பக்கத்து வீடு. நாற்பதைத் தாண்டியவள். அரசு மனநலப் பிரிவில் நர்ஸ். சில நாள் ஆஸ்பத்திரி, மற்ற நாள் ஸ்கூட்டியில் குன்னம் பக்கத்து ஊர்கள். வார்டிலிருந்து வீடு திரும்பியவர்கள் மாத்திரை போடுகிறார்களா, தூங்குகிறார்களா, சாப்பிடுகிறார்களா என்று பார்த்து வரவேண்டும். ஊருக்குள் போகும்போது வெள்ளை உடுப்பு கிடையாது. "வெள்ளையில போய் எறங்குனா ஊரே எட்டிப் பாக்கும்க்கா. அப்புறம் அந்த வூட்டுப் புள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" அதனால் பூப்போட்ட சேலை, தோளில் ஒரு பை. பலர் அவளை ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவள் என்று நினைத்து, கேட்காமலே கார்டை நீட்டுவார்கள். அவளும் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். இந்தத் திருட்டுத்தனமெல்லாம் அவளுக்கு நன்றாக வரும்.

இழவு விழுந்த வீடுகள்தான் அவள் வேலையில் பாதி. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து "அழாத, அழாத" என்று சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "அவங்க அழுவுறது இவங்களுக்குத் தாங்கல. அதுக்கு எதுக்கு அவங்க வாயப் பொத்தணும்?" மாத்திரை கேட்கிறவர்களிடமும் பூசி மெழுகமாட்டாள். "தூங்குறதுக்கு மாத்திரை இருக்குங்க. அழுவுறதுக்கு இல்ல. அத நீங்கதான் அழுவணும்."

இப்படி வாய் கிழியப் பேசுகிறவள் தனக்கு வந்தபோது என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். அப்போது அவளுக்கு வேலை அரியலூரில், இங்கிருந்து தினமும் பஸ். தா.பழூர் பக்கத்தில் செந்தில்குமார் என்று ஒரு பையன், மூன்று வருஷமாக அவள் பார்த்துவந்தவன். நன்றாகத் தேறி, நடவு வேலைக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டான். அம்பிகா சாவுக்குப் போனாள். அவன் அம்மா இவளைக் கட்டிக்கொண்டு அழுதது, இவளும் அழுதது எல்லாம் சரி. கிளம்பும்போது பழக்கத்தில் வாய் தவறிவிட்டது. "போயிட்டு அடுத்த வாரம் வரேம்மா" என்று சொல்லிவிட்டாள்.

சாவு வீட்டில் யாரும் "வாங்க" என்று கூப்பிடுவதில்லை. கிளம்புகிறவர்களும் "வரேன்" என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிட்டது போல. இது நம் ஊரில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அவளுக்குத் தெரியாதா? ஆனால் அவள் தொழிலில், அடுத்து எப்போது வருவேன் என்று சொல்லாமல் எந்த வீட்டிலிருந்தும் எழுந்து வரக்கூடாது. வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய நாக்கு. பெண்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். "இன்னொரு எழவுக்கு வரேங்கிறியா?" என்றாள் ஒருத்தி. செந்தில்குமாரின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் இவளைக் கொன்றது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அம்பிகா வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லை. சோற்றை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். "அழுதுட்டாவது போயேண்டி" என்று நான் கத்தினேன். "டூட்டியில அழக்கூடாது. டூட்டி முடிஞ்சா பஸ் புடிக்கணும். வூட்டுக்கு வந்தா ஒல வைக்கணும். எப்பக்கா அழுவுறது?" என்றாள். அன்று என் அடுப்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். நானும்தான். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளின் அழுகை அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு பெரம்பலூருக்கே மாற்றல் கிடைத்தது. சிரிப்பும் திரும்பியது. கூடவே இந்த மறதியும் வந்து சேர்ந்தது.

அது எப்பேர்ப்பட்ட மறதி என்று எனக்குத் தெரிந்தது போன ஐப்பசியில். எழுதுவதற்கு விஷயம் தேடிக்கொண்டிருந்த நான் ஸ்கூட்டியில் அவள் பின்னால் தொற்றிக்கொண்டேன். குன்னம் தாண்டி ஒரு ஊர். சாலையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம். போகிற வழியிலேயே விஷயத்தைச் சொன்னாள். அய்யாக்கண்ணு என்கிற விவசாயி. ஆவணியில் களை எடுக்கப் போன இடத்தில் மனைவி பொன்னம்மாளைப் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. கருமாதி முடிந்த மறுநாள் இவர் மாட்டுக் கொட்டகையில் பூச்சிமருந்து பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் இருக்கும் தங்கை கிருஷ்ணம்மாள் பார்த்துப் பிடுங்கினாள். வார்டில் சில நாள் இருந்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். வாசலைத் தாண்டுவதில்லை.

"அடுத்த வாரம் இருப்பாரான்னு தெரியாது. அதுக்குத்தான் வாரா வாரம் போறேன்" என்றாள் அம்பிகா. கேட்காமலே இருந்திருக்கலாம்.

அய்யாக்கண்ணு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துக்கம் இன்னும் கழியாத வீடு, "வாங்க" இல்லை. கிருஷ்ணம்மாள்தான் பாயை விரித்துப் போட்டாள். ஜன்னல் திட்டில் அம்பிகாவின் சாப்பாட்டு டப்பா கவிழ்த்து வைத்திருந்தது. அம்பிகா என் முழங்கையைக் கிள்ளினாள். "கழுவியிருக்குக்கா!" என்று கிசுகிசுத்தாள். ஒரு டப்பாவைக் கழுவியதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன்.

"டப்பாவ நீங்களா கழுவுனீங்க?" என்று கிருஷ்ணம்மாளைக் கேட்டாள்.

"நான் எங்க? அண்ணந்தான். இந்த வூட்டுல ஒரு கரண்டியத் தொட வுட மாட்டேங்குது. அண்ணி கடைசியா வெளக்கிக் கவுத்தது கவுத்தபடியே கெடக்கு. சோறு என் வூட்டுத் தட்டுலதான் வருது. நீங்களாவது சொல்லுங்க சிஸ்டர், வருஷம் பூரா இப்படியே வச்சிருந்தா ஊரு சிரிக்காதா?"

"எடுத்தா அவ கை பட்டது போயிரும்" என்றார் அய்யாக்கண்ணு. அவர் குரலை அப்போதுதான் கேட்டேன்.

"அப்படியே இருக்கட்டுங்க. இப்ப யாரு எடுக்கச் சொன்னா?" என்றாள் அம்பிகா.

"நல்லாச் சொன்னீங்க போங்க" என்று கிருஷ்ணம்மாள் நொடித்தாள்.

அதற்குமேல் ஆறுதல் எதுவும் இல்லை. மாத்திரை அட்டையைப் பார்த்தாள், தூக்கம் எப்படி என்று கேட்டாள், பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. நாலு தடவை தொண்டையைச் செருமினேன். ரொம்ப நேரம் கழித்து அவராகவே, "சோளக் கொல்லையில பன்னி பூந்து பயிரச் சாச்சிருச்சாம்" என்றார்.

"யாரு சொன்னா?"

"தங்கச்சி."

"நீங்க பாக்கலியா?"

அவர் வேட்டி நுனியைத் திருகினார். அவளும் விட்டுவிட்டாள்.

நான் டப்பாவை எடுத்து அவள் பையில் வைத்தேன். எடுத்து வைக்கிற ஆள் கூட வந்திருந்தால் மறதிக்கு என்ன வேலை என்று எனக்குள் ஒரு பெருமை. அம்பிகா என்னை முறைத்தாள். கிருஷ்ணம்மாள் உள்ளே போன சமயம் பார்த்து, "எதுக்குக்கா எடுத்தீங்க?" என்றாள் என் காதருகே, பல்லைக் கடித்துக்கொண்டு. "வாயாலதான வரேன்னு சொல்லக் கூடாது? டப்பா கெடந்தா யாரு என்ன சொல்லப் போறா? என் சாமான் ஒண்ணு கெடந்தா நான் வரணும். நான் வரணும்னா அவரு இருக்கணும்."

அட பாவி! எத்தனை வாரம் திட்டியிருப்பேன். எனக்குச் சுருக்கென்றது. டப்பாவைத் திரும்ப வைக்கலாம் என்று பையைத் திறப்பதற்குள் கிருஷ்ணம்மாள் வந்துவிட்டாள். அதே நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வேறு. வார்டில் ஒருத்தர் கலாட்டா செய்கிறாராம், உடனே வரச்சொன்னார்கள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு நின்றது. அம்பிகா ஒன்றும் சொல்லாமல் எழுந்தாள். நானும் முறைப்படி வாயை மூடிக்கொண்டு எழுந்தேன். வெளியே வந்து செருப்பைப் போடும்போது அவள் முகம் விழுந்துபோயிருந்தது. இத்தனை வாரமாக அவள் அந்த வீட்டைவிட்டு இப்படி வெறுமனே வந்ததில்லை. எல்லாம் என்னால்தான்.

ஸ்கூட்டியைத் திருப்பிக் கிளப்பப் போகிற நேரம் அய்யாக்கண்ணு வாசலுக்கு வந்து நின்றார். ஜன்னல் திட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு படி இறங்கினார். "அண்ணே!" என்று உள்ளேயிருந்து கிருஷ்ணம்மாள் ஓடிவந்தாள். அவர் காதில் வாங்கவில்லை. வெறுங்காலோடு மண்ணில் நடந்து எங்களிடம் வந்தார். வண்டியின் முன்பக்கக் கொக்கியில் அம்பிகாவின் கறுப்புக் குடை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, மழை..." என்று ஆரம்பித்தேன். அம்பிகா பின்னால் கையை விட்டு என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். முதல் தூறல் விழுந்தது. அய்யாக்கண்ணு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய், டப்பா இருந்த இடத்துக்கு மேலே, ஜன்னல் கம்பியில் குடையை மாட்டினார்.