மெஷின் ஏற்காது என்று சொன்ன பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன், கச்சான் என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையைப் பிடுங்கி முடிந்திருந்த மாசி மாதக் கடைசியில், கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் நடந்தது இது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருக்கும் சின்னச் சின்னப் பெண்கள் சங்கங்களை ஒன்றாகச் சேர்த்த சமாசம் எங்களுடையது. அங்கே கணினி வேலைகளுக்கு இருப்பவள் நான். எங்கள் ஊர்ச் சங்கமும் அதில் ஓர் அங்கம். கச்சான் அல்வாவும் எள்ளுப்பாகும் செய்து பைக்கற்றில் அடைத்து விற்பார்கள். சங்கத்தில் அநேகமானவர்கள் இனக் கலவரங்களுக்குப் பயந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்து இந்த வன்னியில் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நானும் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளைதான். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் பைக்கற்றில் சங்கத்தின் பெயரிலேயே ஓர் இணைய முகவரி அச்சடித்திருந்தோம். அந்தப் பெயரைப் பதிந்து வாங்கியது சங்கம், பக்கத்தை எழுதியது நான். எல்லாச் சங்கமும் சமாசத்தின் சேர்வரையே பாவிக்கலாம் என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானமும் எடுத்தாயிற்று. ஆனால் அந்த முகவரியைப் போனில் அடித்தால் வருவது சமாசத்தின் பக்கம். மேலே சமாசத்தின் பெயர், நடுவில் எங்கள் முகாமையாளர் ஏதோ விழாவில் மாலையோடு நிற்கும் படம். அல்வாவைத் தேடிப் போன சனத்துக்கு அவர்தான் தரிசனம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வவுனியாவில் கடை வைத்து வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்பும் ஓர் அம்மாவுக்கு எங்கள் அல்வா பிடித்துப்போனது. பெரிய ஓடர் தரத் தயாராக இருந்தார். ஆனால் போனில் ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிட்டார். "பைக்கற்றில இருக்கிற பேரை அடிச்சா அந்தப் பேர்தான் வரவேணும் பிள்ளை. வேற ஆளின்ர படம் வந்தா அங்கத்தைய சனம் கள்ளச் சாமான் எண்டு நினைக்கும். வெள்ளிக்கிழமை வாறன். சரிவந்தா உங்கட பேரில எடுப்பன். இல்லாட்டி சமாசத்தின்ர பைக்கற்றில, சமாசத்தின்ர பேரில எடுக்கிறன்."

அவர் சொன்னதில் பிழையே இல்லை. ஆனால் அது நடந்தால் எங்கள் பெயர் பைக்கற்றிலிருந்து போய்விடும். பெண்கள் பழையபடி யாருக்கோ கச்சான் உடைத்துக் கொடுக்கும் கூலிகளாகிவிடுவார்கள். கூலி என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அது திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க நான் தயாரில்லை.

அலுவலகத்தில் எல்லாரும் சேர் என்று கூப்பிடும் முகாமையாளரிடம் போய்ச் சொன்னேன். சேர் சிரித்தார்.

"நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை பிள்ளை. மெஷின் ஏற்காது. ஒரு மெஷினுக்கு ஒரு பேர்தான்." அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "சங்கமெல்லாம் சமாசத்துக்குக் கீழ எண்டு மெஷினுக்கே தெரியுது பாரும். உங்கட ஆக்களுக்கு என்னத்துக்குத் தனிப் பேர்?"

உங்கட ஆக்கள். அந்த இரண்டு சொல்லுக்குத் தோட்டத்திலிருந்து வந்த கூலிகள் என்று பொருள், அது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்பதால் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன்.

அந்தச் சேர்வரை அமைத்துத் தந்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். அழைத்தால் அங்கே எவ்வளவு பனி என்று விபரமாகச் சொல்வார், சேர்வரைப் பற்றிக் கேட்டால் லைன் கட்டாகிவிடும். ஆகவே நானே அதைத் திறந்து படித்தேன். ஜாவாவில் இயங்கும் சேர்வர் அது. தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு பாடமாகப் படித்ததில் பாதி மறந்திருந்தது, மீதியை இணையத்தில் தேடினேன். கடைசியில், சேர்வர் எழும்பும்போது படித்துப் பார்க்கும் அமைப்புக் கோப்பில் விஷயம் பிடிபட்டது.

யாராவது ஒரு பெயரைக் கேட்டு வந்தால், அந்தப் பெயர் தன் கோப்பில் இருக்கிறதா என்று சேர்வர் பார்க்கும். இருந்தால் அதற்குரிய வாசலைத் திறக்கும். இதைத்தான் வேர்ச்சுவல் ஹோஸ்ட் என்பார்கள். ஒரே கணினிக்குள் எத்தனை பெயருக்கும் தனித்தனி வாசல் வைக்கலாம். கேட்ட பெயர் கோப்பில் இல்லாவிட்டால், தெரியாத பெயருக்கெல்லாம் இது என்று குறித்து வைத்திருக்கும் ஒரு வாசலுக்கு அனுப்பிவிடும். எங்கள் சேர்வரில் அப்படிக் குறித்திருந்தது சமாசத்தின் வாசலை. மெஷின் எங்கள் பெயரை மறுக்கவே இல்லை. எங்கள் பெயரை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வியாழன் காலை, சேரிடம் சொல்லிவிட்டே தொடங்கினேன். ஒளித்துச் செய்ய நான் என்ன கள்ளியா? "செய்யும், செய்யும். உடைஞ்சா நீர்தான் பொறுப்பு" என்றார்.

எங்கள் பெயரைக் கோப்பில் எழுதிச் சேமித்து, சேர்வரை நிறுத்தி மீண்டும் இயக்கினேன். அது எழும்பவில்லை. எங்கள் பக்கமும் இல்லை, சமாசத்தின் பக்கமும் இல்லை. சேர் கதிரையை விட்டு எழும்பி வந்து எனக்குப் பின்னால் நின்றார். "சொன்னனான்தானே." நல்ல வேளையாகப் பழைய கோப்பைப் பிரதி எடுத்து வைத்திருந்தேன். அதைத் திரும்பப் போட்டதும் சமாசத்தின் பக்கம் உயிர் பெற்றது. சேரும் கதிரைக்குப் போனார். பிறகு நான் எழுதியதை வரிவரியாகப் பார்த்தேன். திறந்த ஒரு வரியை மூடாமல் விட்டிருந்தேன். மூடினேன். மறுபடியும் இயக்கினேன்.

இந்த முறை எழும்பியது. எங்கள் பெயரை அடித்தேன், எங்கள் பக்கம் வந்தது. ஆனால் என்ன கோலம்! படம் ஒன்றும் இல்லை, நிறம் இல்லை, வெள்ளைத் திரையில் வெறும் எழுத்துகள். சேர் எட்டிப் பார்த்துவிட்டு, "உரிச்ச கோழி மாதிரி நிக்குது" என்றார். அலுவலகமே சிரித்தது. சிரிப்பு எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

காரணம் பெரிதல்ல. பக்கம் புது வாசலுக்கு வந்துவிட்டது, அதற்குரிய படங்களும் நிறக் கோப்புகளும் சமாசத்தின் ஃபோல்டருக்குள்ளேயே கிடந்தன. தனிக்குடித்தனம் போனவள் சட்டி பானையை மாமி வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன கதைதான். எங்களுக்கென்று ஒரு ஃபோல்டர் திறந்து, எல்லாவற்றையும் இனி இங்கே தேடு என்று சேர்வருக்கு எழுதி, நிறக் கோப்புகளைப் பிரதி எடுத்துப் போட்டேன். நிறம் வந்தது. படங்களைப் பிரதி எடுக்கப் போனபோதுதான் கவனித்தேன், ஒவ்வொரு படத்திலும் குறுக்காகச் சமாசத்தின் முத்திரை. அல்வா கிண்டும் பெண்ணின் முகத்துக்கு மேலேயே குத்தியிருந்தது. படங்களை எடுத்து முத்திரை குத்தியவர் சேர்வரை அமைத்தவர்தான், முத்திரை இல்லாத மூலப் படங்கள் அவரோடு கனடாவுக்குப் போன போனில் இருந்தன.

எனக்கு அழுகை வந்தது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்கூட இல்லை. எங்கள் சங்கத் தலைவியை அழைத்துச் சொன்னேன். அலுவலகத்தில் ஓம் என்று சொல்லிப் பழகிய வாய் அவரோடு பேசும்போது மட்டும் எங்கள் மலைநாட்டுப் பேச்சுக்குத் திரும்பி ஆமாங்கக்கா என்று மாறிவிடும்.

"படம்தான போச்சு? படத்துல இருந்த ஆளுங்க உசுரோடதான இருக்கோம்" என்றார் அவர். "காலைல முத பஸ்ஸுல வர்றோம் புள்ள. நீ அழுவாத."

சொன்னபடி வந்து இறங்கினார்கள். நல்ல சேலை, தலையில் பூ, கையில் அல்வாத் தட்டும் எள்ளுப்பாகுச் சட்டியும். அலுவலக வாசலில் வெளிச்சம் நன்றாக இருந்ததால் அங்கேயே நிறுத்தி என் போனில் எடுத்தேன். ஒருவர் சிரிக்கவே மாட்டேன் என்று நின்றார். அதையும் எடுத்தேன். அந்த நேரம் பார்த்துச் சேர் மோட்டார்சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். தலைவி அக்கா திரும்பிப் பார்த்தார். "சார், கொஞ்சம் ஒதுங்கிக்குங்க. படத்துல விழுறீங்க."

சேர் ஒதுங்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த படத்தை எடுத்தேன்.

வவுனியா அம்மா வந்ததும் எங்கள் கணினியைத் திரும்பியும் பார்க்கவில்லை. தன் கைப்பையிலிருந்து போனை எடுத்து, பைக்கற்றைப் பார்த்து, பெயரைத் தானே அடித்தார். பக்கம் திறந்தது. எங்கள் பெயர், எங்கள் நிறம், எங்கள் பெண்கள். அவர் போனைப் பார்த்தார், தலைவி அக்காவைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார்.

"ஓம், இவாதான்" என்றார். ஓடரை எங்கள் சங்கத்தின் பெயரிலேயே எழுதினார்.

எல்லாரும் போன பிறகு சேர் என்னைக் கூப்பிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எல்லாரும் தனித்தனிப் பேரோட வெளிக்கிட்டால் பிறகு சமாசம் எதுக்குப் பிள்ளை?" என்றார். குரலில் நக்கல் இல்லை. அவருக்கு அது உண்மையான பயம் என்று விளங்கியது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. அதற்காக நான் வளைந்துகொடுக்கவில்லை.

"மெஷின் இப்பவும் ஒண்டுதான் சேர். அதுக்குள்ள பேர்தான் நிறைய. சமாசம் எண்டா அதுதானே? நீங்கள் மெஷின் ஏற்காது எண்டு சொன்னீங்கள். அது ஏற்றுக்கொண்டிட்டுது."

நான் இன்னொன்றும் செய்தேன், அதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். சேர்வருக்குத் தெரியாத பெயர் எது வந்தாலும் இனிமேல் சமாசத்தின் பக்கம் வராது. இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று ஒரு வரி மட்டும் வரும். ஒருவருடைய பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், அதற்காக அவரை இன்னொருவருடைய ஆளாக்க முடியாது. அடுத்த மாதம் மல்லாவிச் சங்கத்திலிருந்து அழைத்து, தங்களுக்கும் ஒரு வாசல் வேண்டும் என்று கேட்டார்கள். சேர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார்.

வங்கியிலோ அரசாங்கக் கந்தோரிலோ யாராவது "சிஸ்டம் விடாது" என்று கையை விரித்தால் முன்பெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். இப்போது நகரமாட்டேன், ஏனென்றால் எந்த சிஸ்டமும் யாரோ ஒரு மனிதர் எழுதி வைத்ததுதான், எழுதியவர் எங்களை விட்டுவிட்டார் என்றால் எங்களை நாங்களே எழுதிக்கொள்ளலாம் என்று எனக்கு இப்போது தெரியும்.