பாரிசுக்குப் போகாத பிரான்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை நானும் என் மனைவியும் பிரான்சில் இருந்தோம்.

பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. கடை திறக்கும் முன்பு அதன் கார் பார்க் காலியாகக் கிடக்கும். அதுதான் பிரான்ஸ். ஸ்டியரிங்கில் சுகந்தி. பக்கத்து சீட்டில் நான், கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி. "வலப்பக்கம்... வலப்பக்கம்..." என்று மந்திரம்போலச் சொல்லிக்கொண்டு அவள் வட்டமடிக்கிறாள்.

செக்யூரிட்டிக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கமாக ஓடுகிறீர்களே, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?

"அடுத்த மாதம் பிரான்சில் ஓட்டப் போகிறேன். பழகுகிறேன்" என்றாள் சுகந்தி, சுத்தமான இங்கிலீஷில்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "பிரான்சிலும் அம்புக்குறி இருக்கும், மேடம்."

பிறகு என்ன தோன்றியதோ... குறுக்கே நின்ற தள்ளுவண்டிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, இன்னும் இரண்டு சுற்று ஓடச் சொன்னார். ஓடி முடித்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். என்னை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்கள் கேட்பீர்கள், 'நீர் என்ன, பிரான்சுக்கே போகாத ஆளா?' என்று. போயிருக்கிறேன். எத்தனையோ தடவை. பார்த்ததுதான் இல்லை.

லண்டன் தமிழனுக்குப் பிரான்ஸ் என்றால் பாரிஸ். பாரிஸ் என்றால் லா சப்பல் என்ற தமிழ்க் கடைத்தெரு. அங்கே சீலைக்கடை, நகைக்கடை, கொத்துரொட்டி. கல்யாண வீடோ, பெண் பெரியவளான சாமத்திய வீடோ, செத்த வீடோ — ரூட் ஒன்றுதான். கலே துறைமுகத்தில் இறங்கு, ஹைவேயில் ஏறு, முன்னால் போகிற சொந்தக்காரரின் வேனைத் தவறவிடாதே. என் பிரான்ஸ் அனுபவம் என்பது இரண்டு சிவப்பு பின்விளக்குகள். அந்த விளக்குகளுக்கு அப்பால் ஒரு முழு நாடு இருந்தது எனக்குத் தெரியாது.

சுகந்திக்குத் தெரிந்திருக்கிறது. முன்சீட்டில் எப்போதும் யாராவது ஒரு பெரியவர் இருப்பார். பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்சீட்டில் இருந்து ஜன்னலால் பார்த்துக்கொண்டே வருவாள். தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுர முனை. ஒரு ஆப்பிள் தோட்டம். வளைந்து போகிற ஒரு சின்ன ரோடு.

"இஞ்சேருங்கோ, உந்தக் கிளை ரோட்டால போனா என்ன இருக்கும்?"

"ஒண்டும் இராது."

போகாத இடங்களைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேசுகிறோம், பார்த்தீர்களா?

சுகந்தி கார் ஓடப் பழகியது ஐம்பது தாண்டிய பிறகுதான். முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஷிப்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். டெஸ்டில் அவள் தவறிய தடவைகளை நான் இங்கே எழுதினால் இரவு எனக்குச் சோறு கிடைக்காது. ஒவ்வொரு முறையும் நான் "பரவாயில்லை, நான் கொண்டுபோய் விடுறன்" என்பேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் அடுத்த டெஸ்டுக்குப் பதிவு செய்வாள்.

கடைசியில் பாஸ். அன்றைக்கே கேட்டாள்: "ஷிப்டுக்கு ஓடுறதுக்கு மட்டுமோ லைசன்ஸ்?"

அங்கேதான் இந்தப் பயணம் தொடங்கியது. நாலு நாள். பிரான்சின் வடகரையில் நோர்மண்டிக் கிராமங்கள். ஓடுவது அவள். பாரிஸ் கிடையாது. மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், கிராமத்துச் சந்தை, ஒரு பண்ணை வீட்டில் அறை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைக்காரர் எல்லாம் கடையைப் பூட்டிவிட்டு ஆற அமரச் சாப்பிடப் போய்விடுவார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு அந்த நாட்டின் மேல் மரியாதை வந்துவிட்டது.

ஒரேயொரு நிபந்தனை போட்டாள். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

காரணம் உங்களுக்குத் தெரியாததா? சொந்தக்காரர் இருக்கிற நாட்டுக்குப் போய், அவர் வீட்டில் கை நனைக்காமல் திரும்புவது எங்கள் ஆட்களிடம் சாதாரணக் குற்றமில்லை. கொலைக்காவது பெயில் கிடைக்கும். அதிலும் பாரிசில் இருப்பவர் சுகந்தியின் சொந்த அண்ணை. வீட்டில் முதலில் வெளிநாடு வந்தவர். தம்பி தங்கச்சிகளை ஒவ்வொருவராக வெளியே எடுத்தவர். சுகந்திக்கு எந்த நாடு, எந்த மாப்பிள்ளை என்பதெல்லாம் அவர் முடிவு. இரண்டாவதில் மட்டும் கொஞ்சம் சறுக்கிவிட்டார். அவர் சொன்ன எதற்கும் அவள் இன்றுவரை மாட்டேன் என்றதில்லை.

அதனால் நான் யாருக்கும் சொல்லவில்லை. ரவிக்கு மட்டும்தான் சொன்னேன்.

அந்த ஞாயிறே, கார் பார்க் பிரான்சிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு, லண்டனின் மறுகோடியில் இருக்கிற லூயிஷாம் கோயிலுக்குப் போயிருந்தோம். செருப்பு விடுகிற இடத்தில் என் நண்பன் ரவி நின்றான். ஹைவேக் கட்டணத்தைப் பற்றி ஒரு சின்னச் சந்தேகம் கேட்கத்தான் போனேன். வாய் நிற்கவில்லை. "என்ர மனிசி பிரான்சில கார் ஓடப் போறா, தெரியுமோ?" பெருமை வந்துவிட்டால் ரகசியம் வாய்க்குள் நிற்குமா?

ரவிக்கும் பாரிசில் ஆட்கள் உண்டு. நாங்கள் அர்ச்சனை முடித்து, பொங்கல் வாங்கி, திரும்பி வருகிற வழியில் போன் அடித்தது. கார் ஸ்பீக்கரில் பாரிஸ் அண்ணை. ஓடிக்கொண்டிருந்தது சுகந்தி.

"என்ன மச்சான், பிரான்சுக்கு வாறியளாம்?"

"அது... மச்சான்... இன்னும் ஒண்டும் சரியா..."

"ஏன் மென்னு விழுங்கிறீர்? கலேயில இறங்கி நேர இஞ்ச வாங்கோ. நண்டு வாங்கி வைக்கிறன். கிராமத்தில என்ன கிடக்கு? மாடு நிக்கும். மாடு பாக்கவோ லண்டனில இருந்து வாறியள்?"

நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"அதோட அவளோ ஓடப் போறாள்? பிள்ளைக்கு என்னத்துக்கு உந்த வேலை? நீர் ஓடும்."

சுகந்தி சிக்னல் போட்டாள். ஒரு பக்கத்துத் தெருவில் திருப்பி, ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். எல்லாம் டெஸ்டில் செய்வதுபோல, அவ்வளவு ஒழுங்காக. இனி ஒரு 'ஓம் அண்ணை' வரும், நோர்மண்டி போய்விடும், நண்டு வந்துவிடும்.

"அண்ணை, நான்தான் ஓடுறன். இந்தமுறை பாரிசுக்கு வரேல்லை."

எங்களைத் தாண்டி ஒரு பஸ் போனது.

"கோவமோ அண்ணை?"

"கோவமில்லை... அங்க எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை. அதுதான் போறம்."

திடீரென்று ஸ்பீக்கர் அதிர அவர் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது.

"முப்பது வருசமா இந்த நாட்டில கிடக்கிறன், பிள்ளை. ரெஸ்டோரண்ட் கிச்சினும் மெட்ரோவும்தான் கண்டது. அந்த மாட்டை நானும் இன்னும் காணேல்லை."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சுகந்தி முந்திக்கொண்டாள்.

"அப்ப நீங்களும் அண்ணியும் நோர்மண்டியில ரூவான் வரைக்கும் ரெயினில வாங்கோ. ஸ்டேசனில வந்து ஏத்துறன்."

"ஆர் ஏத்துறது?"

"நான்."

"...வடிவா ஓடுவியோ?"

"உங்கட மச்சானைக் கேளுங்கோ."

கேட்டார். "இண்டைக்குக் கிங்ஸ்பரியில இருந்து லூயிஷாம் வரைக்கும் ஓடினவ. நான் கண்ணை மூடேல்லை" என்றேன். என் வாயிலிருந்து இதைவிடப் பெரிய சர்டிபிகேட் யாரும் வாங்கியதில்லை.

மறுநாள் ரவி போன் பண்ணினான். அண்ணை லா சப்பல் முழுக்கச் சொல்லிவிட்டாராம்: "என்ர தங்கச்சி லண்டனில இருந்து தனியக் கார் ஓடிவந்து எங்களை ஏத்துறாள்." தனியவாம். அந்தக் காரில் நான் என்று ஒருவன் வருவதை ஏனோ விட்டுவிட்டார். போகட்டும். இந்தத் தடவை ஊரெல்லாம் சொன்னது நானில்லை, அதுவே எனக்கு நிம்மதி.

பிரான்ஸ் கிராமங்களில் ஒரு ரோட்டு விதி இருக்கிறதாம், சுகந்தி படித்துச் சொன்னாள். போர்டு ஒன்றும் இல்லாவிட்டால், வலப்பக்கச் சந்துக்குள் இருந்து வருகிறவருக்குத்தான் முதல் வழி. டிராக்டர் வந்தாலும் நாம் நின்று வழி விட வேண்டும். சொந்தக்காரரும் அப்படித்தான் வருகிறார்கள், எதிர்பாராத சந்திலிருந்து. பிரேக் போடலாம். வழி விடலாம். காரில் ஏற்றியும் கொள்ளலாம். அவர்கள் போகிற பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்று மட்டும் எந்தச் சட்டமும் இல்லை. இதை எனக்குச் சுகந்தி சொல்லவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துக் காட்டினாள்.

ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிற லண்டன் காரைப் பிரான்சில் ஓட்டும்போது, எதிரே வண்டி வருகிறதா என்பது பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். முந்தலாமா, கூடாதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். பொறுப்பான பதவி. அதற்காக நான் கார் பார்க்கில் தீவிரப் பயிற்சியில் இருந்தேன்.

நேற்று அண்ணை திரும்பப் போன் எடுத்தார். "மச்சான், முன்சீட் எனக்கு. தங்கச்சிக்கு வழி பாத்துச் சொல்லுறது நான்."

ஆக, நான் பின்சீட். அண்ணி கொண்டுவரும் பலகாரத் தட்டு என் மடியில். பரவாயில்லை... ஜன்னல் பக்கம் கேட்டு வாங்கிவிட்டேன்.