நஸீமா தாத்தாவும் ஏற்றுக்கொள்ளப்படாத கமராவும்

மாலை நாலரை மணி இருக்கும். திரை உடைந்த போன் ஒன்றுடன் மடவளைக்காரர் ஒருவர் என் கவுண்டருக்கு வந்தார். திரையை மாற்றுவதை விடப் புதிய போன் வாங்குவதுதான் நல்லது என்று வழக்கம் போலச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "முந்தியெண்டா நீங்க இப்பிடிச் சொன்னதும் நேரா நஸீமா தாத்தாட்டப் போற. இனி அதுவும் ஏலா" என்றார். ஏன் என்று கேட்டேன். "தெரியாதா உங்களுக்கு? டெங்கு. காலைல மௌத்தாகிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கியும் ஆச்சி."

அவர் போன பிறகு அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டேன். அதற்கடுத்த இலக்கத்தையும் கூப்பிட்டேன். ஐந்தரைக்குக் கதவைச் சாத்தும் வரை யாருக்கு என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை.

நஸீமா தாத்தாவை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம்: எங்கள் பக்கத்து முஸ்லிம்களிடையே தாத்தா என்றால் அக்கா. வெளியூரிலிருந்து வருபவர்கள் மூக்குக்கண்ணாடி போட்ட கிழவர் ஒருவரை எதிர்பார்த்து மாடிப்படி ஏறுவார்கள். மேலே, நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருவர், தலையை முக்காட்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்திருப்பார். நிமிராமலே, "கதிரைல உக்காருங்க, கைல சூடு ஈக்கி" என்பார். கையில் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் இருக்கும்.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். கண்டியில் இன்றும் நான் வேலை செய்யும் அதே சேவை நிலையத்தில். பெரிய கொம்பனி ஒன்றின் அங்கீகாரம் பெற்ற நிலையம் அது. பெயர் வேண்டாம், எல்லாக் கொம்பனியும் ஒன்றுதான். நான் முன்னால் கவுண்டரில், அவர் பின்னால் மேசையில். ஒரு நாள் அம்பிட்டியவிலிருந்து ஓர் ஆசிரியை சார்ஜ் ஏறாத போனைக் கொண்டு வந்தார். எங்கள் கையேட்டின்படி உள்ளே இருக்கும் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும். படங்கள், பாடக் குறிப்புகள் எல்லாம் அதோடு போய்விடும். நஸீமா தாத்தா ஊசி முனையளவு பாகம் ஒன்றைக் கழற்றி, வேறொன்றை ஒட்டி, பத்து நிமிடத்தில் போனைத் திருப்பிக் கொடுத்தார். ஆசிரியை அழுதே விட்டார். மெனேஜர் நஸீமா தாத்தாவை உள்ளே கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். பாகத்தைத் திருத்தக் கூடாது, பலகையைத்தான் மாற்ற வேண்டும் என்பது விதி. அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னிடம் வந்து, "வேல தெரிஞ்சதுக்கு வாணிங் தந்திருக்கிறாங்க புள்ள" என்றார். அந்த மாதக் கடைசியில் விலகிவிட்டார். நான் விலகவில்லை.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், சலூன் ஒன்றுக்கு மேலே, ஒரு சிறிய அறையில் அவர் கடை தொடங்கினார். கொம்பனிகள் வெளியாருக்குப் பாகம் விற்பதில்லை. அதனால் அவர் ஊரிடம் கேட்டார். பாவிக்காத போன்களையும், இறந்து போனவர்களின் போன்களையும் வீட்டுக்காரர்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுப்பார்கள். முஸ்லிம் வீடுகளில் அதை சதகா என்று தருமமாகக் கொடுத்தார்கள். எங்கள் தமிழ் ஆட்கள் புண்ணியம் என்றார்கள். அவர் அந்தப் போன்களைப் பிரித்து, கமரா, ஸ்பீக்கர், பெட்டரி என்று மேசையின் இழுப்பு லாச்சிகளில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் சொந்தக்காரரின் பெயரைச் சிறு தாளில் எழுதி ஒட்டி வைப்பார். பொருத்தும்போது இது யாருடையது என்று சொல்லித்தான் கொடுப்பார். ஒரு முறை ஓட்டோக்காரர் ஒருவரிடம், "இந்த ஸ்பீக்கர் ஒரு பிரின்ஸிபல்ட. கொஞ்சம் சத்தமாத்தான் பேசும், பயப்படாதீங்க" என்றார். அந்த மனிதர் போனைக் காதில் வைத்து, ஒரு கணம் நேராக நிமிர்ந்து நின்றதை நானே பார்த்தேன். ஒரு பெண்ணிடம், "உங்கட பெட்டரி தந்தவரு நல்ல மனுசன். அவருக்காகத் துஆ செய்யுங்க, சார்ஜ் நிக்கும்" என்றார்.

நான் வெளிப்படையாக அவரிடம் யாரையும் அனுப்பியதில்லை. வேலை போய்விடும். ஆனால் உண்மையிலேயே கஷ்டப்பட்டவர்கள் வந்தால், "மணிக்கூட்டுக் கோபுரப் பக்கம் நல்ல சலூன் ஒன்று இருக்கிறது" என்பேன். சிலருக்கு விளங்கும். சிலர் தலைமுடி வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு போன்கள் மாறின. புதிதாக வந்தவற்றில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. தாய்ப் பலகை அந்த இலக்கத்தைப் பார்க்கும். அதே கொம்பனி, அதே மாதிரி, ஒரு கீறல்கூட இல்லாத பாகமாக இருந்தாலும், இன்னொரு போனிலிருந்து வந்தது என்றால் ஏற்றுக்கொள்ளாது. கொம்பனியின் மென்பொருளில் பதிந்தால்தான் ஏற்கும். அந்த மென்பொருள் எங்களைப் போன்ற நிலையங்களில் மாத்திரமே இருக்கும். வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காக என்று எங்களுக்கு வகுப்பெடுத்துச் சொன்னார்கள். களவு போன போன்களின் பாகங்கள் ஊரில் சுற்றுகின்றனவாம். நான் அதைத் தாத்தாவிடம் சொன்னேன். "களவெடுத்தவன் பேரெழுதி ஒட்டி வெப்பானா?" என்று கேட்டார். லாச்சிகள் நிறைந்துகொண்டே போயின. எடுப்பதுதான் குறைந்தது.

தங்கராஜ் அண்ணன் வந்தது அந்தக் காலத்தில்தான். பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் தைக்கிறவர். பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. மனைவி இல்லை. ஒரே மகள் சாந்தினி மட்டக்களப்பில் தாதிப் பயிற்சியில் இருந்தாள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் இருவரும் வீடியோவில் கைகளால் பேசிக்கொள்வார்கள். மகள் முதல் பயிற்சிக் கொடுப்பனவில் வாங்கிக் கொடுத்த பாவித்த போன் அது. பஸ்ஸில் நெரிபட்டு முன்பக்கக் கமரா உடைந்துவிட்டது. நஸீமா தாத்தாவின் லாச்சியில் அதே மாதிரிக் கமரா இருந்தது. கட்டுகஸ்தோட்டையில் காலமான ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவருடையது. அதைப் பொருத்தினார். போன் திறந்தது, கமரா திறக்கவில்லை. அங்கீகரிக்கப்படாத பாகம் என்று எழுத்து வந்தது.

தாத்தா கொம்பனிக்குக் கடிதம் எழுதினார். இந்த மனிதருக்கு இது கமரா இல்லை, வாய் என்று எழுதினார். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. தங்களுக்கு மிக அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தை நாடவும் என்று சொல்லி, கீழே எங்கள் முகவரியைப் போட்டிருந்தார்கள்.

அவர் அந்தக் கடிதத்தையும் தங்கராஜ் அண்ணனையும் கூட்டிக்கொண்டு என் கவுண்டருக்கு வந்தார். "என்ன புள்ள, கடைசில உங்களிட்டயே அனுப்பியிருக்கிறாங்க" என்று சிரித்தார். பின்பு குரலைத் தாழ்த்தினார். "ஒரு பதிவுதானே. கமரா ஒறிஜினல். நீங்க உள்ளுக்குக் கொண்டு போய் ஒரு நிமிசத்தில செய்யலாம்."

அவர் சொன்னது உண்மை. அன்று எங்கள் கணினியில் இருந்த மென்பொருள், கமரா எங்கிருந்து வந்தது என்று கேட்காது. பதிந்தால் ஏற்றுக்கொள்ளும். மெனேஜர் அப்போது தேநீருக்குப் போயிருந்தார். வேலையை நினைத்தேன், வீட்டை நினைத்தேன். "என்னால ஏலாது தாத்தா. தெரிஞ்சா தூக்கிருவாங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். "செய்ய மாட்டீங்க எண்டு தெரியும். கேக்காம போனா இவருக்கு நான் என்ன சொல்ற?"

தங்கராஜ் அண்ணன் எங்கள் இருவரின் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா அவர் பக்கம் திரும்பி, கையை விரித்துக் காட்டினார். அவர் என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பது போலக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை நான் எந்த மூலையில் கொண்டு வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து தாத்தா எனக்குப் போன் எடுத்தார். "சாப்பாட்டு நேரத்தில வாங்க. எண்ட தோல்வியக் காட்டுறன்." போனேன். கீழே சலூனிலிருந்து இரவல் வாங்கிய பெரிய கண்ணாடி ஒன்று சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு எதிரே தங்கராஜ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவே, போனின் திரை அவரைப் பார்க்கவும் பின்பக்கக் கமரா கண்ணாடியைப் பார்க்கவும் ஒரு சிறிய பலகையில் போன் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பின்பக்கக் கமரா பழையபடி வேலை செய்தது. கண்ணாடியில் விழும் அவருடைய உருவத்தை அது பிடித்து மட்டக்களப்புக்கு அனுப்பியது. அவர் திரையில் மகளைப் பார்த்துக் கைகளை அசைத்தார். மகள் பதிலுக்கு அசைத்தாள். பிறகு எங்களுக்காக வாய்விட்டுச் சொன்னாள்: "எல்லாம் தெரியுதுங்க தாத்தா. என்ன, அப்பா எல்லாத்தையும் இடது கையால சொல்றாரு. கொஞ்ச நாள்ல பழகிருவேன்."

நான் கைதட்டப் போனேன். நஸீமா தாத்தா என்னைத் தடுத்தார். "இது ரிப்பெயார் இல்ல புள்ள. இது கெஞ்சல்." அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பதினெட்டு வருடம் ஈயத்தோடு மல்லுக்கட்டிய கை, ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைப்பதோடு நின்றுவிட்டது. அந்த வித்தையை எந்தச் சின்னப் பிள்ளையும் செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் காட்சி என்னைத் தூங்க விடவில்லை. மூன்று மாதம் கழித்து மெனேஜர் கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போன நாளில், தங்கராஜ் அண்ணனை வரச் சொன்னேன். பின் மேசைக்குப் போய், போனைக் கணினியோடு இணைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம் அது. ஆனால் இடையில் மென்பொருளைப் புதுப்பித்திருந்தார்கள். இப்போது அது தலைமையகத்திடம் கேட்டுத்தான் பதிந்தது. பதில் உடனே வந்தது: இந்தப் பாகம் வேறொரு சாதனத்துக்கு உரியது. அந்தச் சாதனம் துண்டு துண்டாகி லாச்சியில் கிடந்தது. அதன் சொந்தக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தாத்தா கேட்ட அன்று திறந்திருந்த கதவு, எனக்குத் துணிவு வந்த அன்று மூடியிருந்தது.

அன்று மாலையே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பிளேன்டீ ஊற்றித் தந்தார். "எனக்கு ஒரே ஒரு உதவி செய்ங்க. துண்டுல 'பழுது பார்க்க முடியாது' எண்டு எழுதுறீங்கதானே, அப்பிடி எழுதாதீங்க. ஏலும். உட மாட்டாங்க. அத எழுதுங்க. சனத்துக்குத் தெரியட்டும்."

நான் எழுதினேன். துண்டுச் சீட்டில் அச்சடித்த வரியைப் பேனாவால் வெட்டி, 'பழுது பார்க்க அனுமதி இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்பது துண்டுகள் வரை போனது. பத்தாவது மெனேஜரின் கையில் அகப்பட்டது. இப்போது துண்டே இல்லை. செய்தி நேராக வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்குப் போகிறது. அதனால் வாயால் சொல்கிறேன். கேட்பவர்கள் "அப்படியா" என்கிறார்கள். பிறகு புதிய போன்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கேட்கிறார்கள்.

தாத்தா மறைந்த பிறகு, போன வாரம் தங்கராஜ் அண்ணன் வந்தார். திரை முழுக்கக் கறுத்திருந்தது. அந்தத் திரைக்கும் இலக்கம் உண்டு, புதிய திரையின் விலை அவருடைய இரண்டு மாதச் சம்பளம். வாயால் சொல்வதில் பயனில்லை என்பதால், என் இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து, கட்டிப் போட்டது போலக் காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. சிரித்தார். அது கிடக்கட்டும் என்பது போலக் கையை வீசிவிட்டு, மணிக்கூட்டுக் கோபுரப் பக்கம் விரலை நீட்டினார்.

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் மறுபடியும் அந்தப் பக்கம் நீட்டினார். நான் மறுபடியும் ஆட்டினேன். என் கண்ணைப் பார்த்த பிறகு அவர் விரல் மெதுவாக இறங்கியது. பின்பு அந்தப் போனைத் திரும்பவும் என் முன்னால் வைத்தார். வேறு யாரிடம் அவர் வைப்பார்?

நஸீமா தாத்தாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு பேச்சுத்தான்: முடியும், விட மாட்டார்கள். அவர் அதைச் சொல்லிவிட்டு வேலையைச் செய்வார். நான் அதைச் சொல்கிறேன். என் மணிக்கட்டுகளை மறுபடியும் சேர்த்துக் காட்டினேன்.