காலியாக விட்ட இடம்

கம்ப்யூட்டர் பாடத்தில் நான் வருசா வருசம் சொல்லும் உதாரணம் ஒன்று. 'அப்பா' என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு வார்ப்பு. அதற்குள் 'வரவேற்பு' என்று ஒரு மெத்தட். வாசலுக்கு ஆள் வந்தால் என்ன செய்வது என்ற கட்டளைகள். 'மகன்' கிளாஸ் அதிலிருந்து பிறக்கிறது. மகன் அதே பெயரில் தன் வரவேற்பை எழுதிக்கொண்டால் மகனுடையது ஓடும். அதுதான் ஓவர்ரைடிங். எழுதாமல் விட்டால் அப்பாவுடையதே ஓடும்.

"எரர் வராதா சார்?" என்று எவராவது கேட்பார்கள்.

வராது. அதுதான் கொடுமை.

தேனியில் என் அப்பா பேர்போன கோபக்காரர். தங்கை தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு வருசநாட்டுக்குப் போனாள். மூன்றாம் மாதம் இருவரும் வீட்டுக்கு வந்தபோது, அப்பா 'வாங்க' என்று சொல்லாமல் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். அன்று அப்பாவைக் கிழி கிழியென்று கிழித்தேன், மனசுக்குள்.

அப்பா காலமான பிறகு நான் புதுவீடு கட்டினேன். தங்கை போன் செய்தாள்.

"அப்பா கடைசி வரைக்கும் வாங்கன்னு சொல்லாமலே போய்ட்டாக. நீ சொல்லுவேல்லண்ணே?"

"கிறுக்கி, இதையெல்லாமா கேப்பாக?"

பால் காய்ச்சும் அன்று புருசனோடு வந்தாள். வாசலில் பெரியப்பாவும் சித்தப்பாமாரும் நின்றார்கள். எல்லார் கண்ணும் என் மேல். நான் போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அவள் கொண்டுவந்த குத்துவிளக்கை கேட்டோரம் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மனசுக்குள் எழுதி வைத்தது எதுவும் ஓடாது என்று பாடம் எடுக்கிறவனுக்குத் தெரியாதா? நாளைக்குப் பேசலாம், அடுத்த வாரம் நேரில் போகலாம் என்று ஒரு வருசத்தை ஓட்டினேன். காய்ச்சலில் அவள் போய்விட்டதாக மாப்பிள்ளைதான் போனில் சொன்னார்.

அவள் வீட்டு வாசலில் அன்றுதான் முதல்முறையாகப் போய் நின்றேன். மாப்பிள்ளை எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சாவு வீட்டில் யாரையும் 'வாங்க' என்று கூப்பிடுவதில்லை. அவள் இருக்கும்போது வந்திருந்தால் கூப்பிட்டிருப்பாளா என்று யோசித்தபடி வெளியிலேயே நின்றேன்.

கூப்பிட்டிருப்பாள். அவளும் அதே அப்பாவுக்குப் பிறந்தவள்தான், ஆனாலும் கூப்பிட்டிருப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.