யார் கை ஊற்றியது?

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்து ஓய்ந்த மறுநாள், கிழக்கிலங்கை மருதமுனையில் நடந்தது இது. என் கணவருக்கு அங்கே தபால் கந்தோரில் வேலை. ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்து இருந்தோம். அந்த ஒழுங்கையில் நாங்கள் மட்டும்தான் வேதக்காரர், கத்தோலிக்கர். மற்றதெல்லாம் நெசவு செய்யும் முஸ்லிம் குடும்பங்கள். விடிந்தால் பாங்குச் சத்தமும் தறிச் சத்தமும்தான் எங்களை எழுப்பும்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கோயில் விஷயத்தில் நான் சரியான பிடிவாதக்காரி. தலையில் முட்டாக்கு இல்லாமல் ஒருத்தி பூசைக்கு வந்தால், அவளைப் பார்த்துப் பார்த்தே என் பூசை முடிந்துவிடும். செபமாலையில் எங்காவது தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்குவேன். தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மறதியாய் இறைச்சிக் கறியோடு சாப்பிட்டு வந்த மனுசனோடு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் கதைக்கவில்லை. அவர் சிரிப்பார். “உன்னிட்ட மோட்சத்துத் திறப்பக் குடுத்தாலும், அதப் புளி போட்டு மினுக்கின பிறகுதான் கதவத் திறப்பாய்” என்பார். ஊத்தைத் திறப்போடு போகச் சொல்லுறீங்களோ என்று நானும் விடமாட்டேன்.

பக்கத்து வீட்டு மனுசியை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட வயதில் மூத்தவர். தறியில் இருந்தாலும் அடுப்படியில் இருந்தாலும் தொழுகை நேரம் வந்தால் எழும்பிவிடுவார். நான் ஓயாமல் அலட்டுவேன், அவர் ‘ஓம் புள்ள, ஓம் புள்ள’ என்று கேட்டுக்கொண்டிருப்பார். அப்படித்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது.

சூறாவளியில் எங்கள் பக்கத்துக் கூரை முழுசாய்ப் போய்விட்டது. ராத்தா வீட்டின் உள்ளறை ஓடுகள் மட்டும் எப்படியோ தப்பின. விடிய விடிய இரண்டு குடும்பமும் அந்த அறைக்குள்தான் கிடந்தோம். காலையில் காற்று நின்றது. எனக்கு நோவு தொடங்கியது. மாதம் நிறையவில்லை. தலைப்பிள்ளை வேறு. டொக்டரைக் கூட்டி வாறன் என்று கணவர் கல்முனைக்கு நடந்தே புறப்பட்டார். ரோட்டெல்லாம் தென்னைமரம், கரண்ட் கம்பி. ஏறிக் குதித்துத்தான் போகவேண்டும். ராத்தாவின் புருசன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பறந்த தகரங்களைத் தேடப் போய்விட்டார்.

ஊர் மருத்துவிச்சி வந்துதான் பிள்ளையை எடுத்தார். ஆம்பிளைப் பிள்ளை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்போல இருந்தான். அழவில்லை, முனகினான். ஒழுங்கை முனையில் இன்னொருத்திக்கும் நோவு என்று மருத்துவிச்சியைக் கூப்பிட ஆள் வந்து நின்றது. போகும்போது ராத்தாவின் காதுக்குள் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். “இது தங்காது” என்றது நன்றாகக் கேட்டது.

எனக்கு ஒரே ஒரு யோசனைதான் வந்தது. ஞானஸ்நானம். அது இல்லாமல் போகும் பிள்ளை கடவுளின் முகத்தைக் காணாது என்று எனக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்திருந்தார்கள். சேமக்காலையில்கூட அப்படிப்பட்ட பிள்ளைகளை வேலிக்கு அப்பால்தான் புதைப்பார்கள். என் பிள்ளை வேலிக்கு அப்பாலா?

சாகப் போகிற உயிருக்கு ஞானஸ்நானம் கொடுக்க சுவாமியார்தான் வேண்டும் என்றில்லை. யாரும் கொடுக்கலாம், எந்தச் சமயத்தாரும் கொடுக்கலாம். ஆனால் தண்ணீர் ஊற்றுகிறவரேதான் வார்த்தையையும் சொல்லவேண்டும். ஒருவர் ஊற்ற மற்றவர் சொன்னால் செல்லாது. இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

ராத்தாவிடம் நல்ல தண்ணீர் கேட்டேன். கிணறு முழுக்க ஓலையும் சேறும். தொழுகைக்குக் கைகால் கழுவ என்று மூடி வைத்திருந்த பானையிலிருந்து ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் கொண்டுவந்தார். நான் வாங்கித் தூக்கினேன். கை எனக்குச் சொந்தமில்லாததுபோலத் துவண்டது. இரத்தம் அவ்வளவு போயிருந்தது. கோப்பை சரிந்து பாயெல்லாம் தண்ணீர்.

“ராத்தா, நீங்க ஊத்துங்க. நான் சொல்லித் தாறத அப்பிடியே சொல்லுங்க” என்றேன். என்ன சொல்லவேண்டும் என்பதையும் சொன்னேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே.

ராத்தாவின் முகம் மாறிப்போனது. கோப்பையை மறுபடி நிரப்பி வந்து வைத்துவிட்டு, என் பக்கத்தில் குந்தினார்.

“அது எனக்கு ஏலா புள்ள. அல்லாஹ்வுக்கு மகன் இரிக்கு எண்டு என்ட வாயால எப்பிடிச் சொல்ற?”

“வாயாலதானே ராத்தா? மனசில நீங்க நினைக்கத் தேவல்ல.”

“மனசில இல்லாதத அவன்ட பேரில வாயால சொல்ல ஏலா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பச்சைப் பிள்ளை மூச்சுக்கு அந்தரப்படுகிறது, இந்த மனுசி நியாயம் கதைக்கிறதே என்று. அவரோ என் தலையைத் தடவி, பிறக்கிற பிள்ளையெல்லாம் பாவமில்லாமல்தான் பிறக்கிறது, அது நேரே சுவர்க்கத்துக்குத்தான் போகும், நீ பயப்படாதே என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது இன்னும் ஆத்திரத்தை மூட்டியது. “உங்கட மார்க்கத்தில அப்பிடி. எங்கட சமயத்தில அப்பிடியில்ல!” என்று இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அழுகைகூடச் சரியாக வரவில்லை.

ராத்தா பிள்ளையைப் பார்த்தார். பிறகு எழும்பி வந்து, எனக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து, என்னைத் தூக்கித் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். பிள்ளையை என் மடியில் வைத்தார். கோப்பையை என் கைக்குள் கொடுத்து, தன் கையை அதற்குக் கீழே கொடுத்தார்.

“இப்ப நீ ஊத்து. நீயே சொல்லு. நான் தாங்கிறன்.”

நானும் என் கணவரும் பேசி வைத்திருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பிதாவின், தண்ணீர் விழுந்தது. சுதனின், விழுந்தது. பரிசுத்த ஆவியின் பெயராலே. என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிள்ளை கண்ணைச் சுருக்கினான். ராத்தா அவன் தலையைத் தன் முந்தானையால் ஒற்றினார். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவரின் நெஞ்சு என் முதுகில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

பகல் வரைக்கும் பிள்ளை இருந்தான். அப்போது ஊரில் கரண்ட் இல்லை. மோதினார் வெறும் தொண்டையால் ளுஹர் பாங்கு சொன்னது தூரத்தில் கேட்டது. அது முடியும்போது என் மடியில் அசைவில்லை. ராத்தா தான் நெய்து வைத்திருந்த புதுத் துணியில் ஒரு துண்டு வெட்டி அவனைச் சுற்றித் தந்தார். அதன் பிறகுதான் தொழப் போனார்.

பின்னேரம் என் கணவர் வந்தார். ஆஸ்பத்திரியில் காயக்காரர் நிறைந்து டொக்டரால் அசைய முடியவில்லையாம். சுவாமியாரோ மட்டக்களப்பில் அகப்பட்டுப் போனாராம். என் குணம் தெரிந்த மனுசன், எதற்கும் இருக்கட்டும் என்று கோயில் உபதேசியாரைக் கையோடு கூட்டி வந்திருந்தார். பிள்ளையைப் பார்த்ததும் என் கணவர் வாசலிலேயே குந்திவிட்டார். நான் அவரைத் தேற்றவில்லை, அவரும் என்னைத் தேற்றவில்லை. இரண்டு பேரும் அழுதோம்.

உபதேசியார் பொறுத்திருந்து பார்த்துத்தான் கேட்டார். நல்ல மனுசன்தான், ஆனால் சேமக்காலையில் இடம் காட்ட வேண்டியவர் அவர், கேட்காமல் விட முடியாது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆனதா? ஆனது என்றேன். யார் ஊற்றினது?

நான் ஊற்றினேனா? என் விரல்கள் கோப்பையில் இருந்ததென்னவோ உண்மை. ஆனால் அந்தக் கையில் ஒரு சொட்டுப் பலமிருந்ததாக எனக்கு நினைவில்லை. கோப்பையைச் சரித்தது கீழே இருந்த கையென்றால், ஊற்றினது ஒருவர், சொன்னது ஒருவர். செல்லாது. திரும்பச் செய்யவும் பிள்ளையில்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்களை நான் அளந்த அந்த அளவுகோல், இப்போது என் பிள்ளையின் தலைக்கு மேல் வந்து நின்றது.

கதவருகில் நின்ற ராத்தா முன்னுக்கு வந்தார். அந்நிய ஆம்பிளைகளுக்கு முன்னால் வந்து கதைக்கிற மனுசியல்ல.

“அவதான் ஊத்தின. கை ஆடாம நான் தாங்கின மட்டும்தான். ஊத்தினது அவட கை. எனக்குத் தெரியும்.”

உபதேசியார் தலையாட்டினார். பொழுது சாய முதல் என் பிள்ளையை வேலிக்கு உள்ளே வைத்தார்கள்.

பாதை திறந்த பிறகு சுவாமியார் வந்தார். நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். கடவுள் நம்முடைய சட்டங்களுக்குள் அடைபட்டவரல்ல, தாயின் ஆசையே போதும் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்த நாளில் நான் அந்தப் பேச்சில் சமாதானமாகிற ஆளில்லையே. வீட்டுக்கு வந்து கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் கண்ணீருக்கும் கத்தலுக்கும் இரங்காமல், தன் மனதில் இல்லாத ஒரு வார்த்தையை வாயால் சொல்ல மறுத்த மனுசி, உபதேசியாருக்கு முன்னால் எனக்காகப் பொய் சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்கவே மாட்டார். எங்கள் விசுவாசப் பிரமாணத்தை இன்றைக்கும் ஒரு சொல் தவறாமல் சொல்லுகிற நான், என் மகன் கடவுளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நம்புவது, அதை ஒருநாளும் சொல்லமாட்டாத அந்த ராத்தாவின் வாய்ச்சொல்லை நம்பித்தான்.